சக்கையும் எங்கள் கரும்புதான்! பங்கைக் கொடு!

  

போன பருவத்தில் நம் பகுதி ஆலை நிர்வாகம் ஒரு கூட்டம் போட்டது. ஷாமியானா பந்தல், டீ, வடை, எல்லாம் தடபுடல்தான். திரையில் ஒரு பெரிய வட்டம் போட்டுக் காட்டினார் ஒரு அதிகாரி. இதற்குப் பெயர் சர்க்குலர் எகானமி, தமிழில் சுழற்சிப் பொருளாதாரம் என்றார். கரும்பில் எதுவுமே வீணாகக் கூடாதாம். சக்கையில் மின்சாரம், கழிவுப்பாகில் எத்தனால், பிரஸ்மட்டில் எரிவாயு. வளரும் நாடுகளெல்லாம் இனி இந்த வழியில்தான் போகப் போகிறதாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

வட்டத்தை உற்றுப் பார்த்தேன். வயலில் இருந்து ஆலைக்கு ஒரு அம்புக்குறி. ஆலையில் இருந்து மின்கம்பத்துக்கு ஒன்று, பெட்ரோல் பங்குக்கு ஒன்று, கேஸ் சிலிண்டருக்கு ஒன்று. கடைசியில் ஆலையில் இருந்து வயலுக்கு ஒரே ஒரு சின்ன அம்புக்குறி. அதன் மேல் "இயற்கை உரம்" என்று எழுதியிருந்தது. அந்த உரத்துக்கும் விலை உண்டாம்!

தோழர்களே, வயலில் புறப்பட்டது வயலுக்குத் திரும்பினால்தான் அது வட்டம். புறப்பட்டுப் போனது ஆலை வாசலிலேயே நின்றுவிட்டால் அதற்குப் பெயர் என்ன? நம் ஊரில் அதை வழிப்பறி என்று சொல்வார்கள்.

நம் தகப்பன் காலத்து வட்டம்

சுழற்சி என்பது நமக்கு யாரும் படம் போட்டுச் சொல்லித்தர வேண்டிய சங்கதி அல்ல. ஐம்பது வயது தாண்டியவர்கள் வெல்லம் காய்ச்சிய கொட்டகையை நினைத்துப் பாருங்கள். பிழிந்த சக்கையைக் களத்தில் காயப்போட்டு அதையே அடுப்புக்குத் தள்ளுவோம். வெளி விறகு ஒரு கட்டை வாங்கியதில்லை. கொப்பரையில் பொங்கி வரும் அழுக்கை வழித்து எருக்குழியில் கொட்டுவோம். அடுப்புச் சாம்பல் கூடை கூடையாக வயலுக்குப் போகும். கொழுந்துத் தோகை மாட்டுக்கு, மாட்டுச் சாணி மறுபடி வயலுக்கு. வெல்லம் மட்டும்தான் ஊரை விட்டு வெளியே போனது. மற்றது எல்லாம் பிறந்த இடத்துக்கே திரும்பியது.

பிறகு ஆலை வந்தது. பதிவுக் கரும்பு வந்தது. கரும்பை முழுசாகக் கொடுத்தோம். எடைமேடையில் ஏறிய நிமிஷத்தில் அது ஆலையின் சொத்து. சர்க்கரையும் அவனுடையது, சக்கையும் அவனுடையது, சாம்பலும் அவனுடையது.

ஆனாலும் அந்தக் காலத்தில் ஒரு மரியாதை இருந்தது. பிரஸ்மட் ஆலைக்குப் பின்னால் மலை மாதிரிக் குவிந்து கிடக்கும். நாற்றம் தாங்காது. "எடுத்துட்டுப் போனா போதும்யா" என்று பீல்டுமேன் வீடு தேடி வந்து சொல்வார். மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய் நானே ஏற்றி வந்திருக்கிறேன். அதைப் போட்ட வயலில் கட்டைக்கரும்பு மூன்றாம் வருஷமும் தெளிவாக நிற்கும். இன்றைக்கு அதே குவியலுக்கு வேலி, வாட்ச்மேன், பில். ஏன்? எரிவாயு ஆலைக்காரன் விலை வைத்து அள்ளிக்கொண்டு போகிறான்.

ஒரு ஏக்கர் கணக்கு

உணர்ச்சியை விடுங்கள். பேனாவை எடுங்கள். ஒரு ஏக்கரில் 40 டன் கரும்பு என்று வைத்துக்கொள்வோம். 2024-25 பருவத்தில், பிழிதிறன் 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள கரும்புக்கு மத்திய அரசு நிர்ணயித்த நியாயமான ஆதாய விலை, அதாவது எஃப்.ஆர்.பி., டன்னுக்கு 3,151 ரூபாய். நம் மாநிலத்தில் பெரும்பாலான ஆலைகள் இந்த வகையில்தான் வருகின்றன. 40 டன்னுக்கு 1,26,040 ரூபாய். இதில்தான் கரணை, உரம், களை, தண்ணீர், வட்டி எல்லாம். பல ஊர்களில் வெட்டுக்கூலி மட்டுமே டன்னுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. பத்து மாதம், பன்னிரண்டு மாதம் வெயிலிலும் மழையிலும் நின்ற குடும்பத்துக்கு மிஞ்சுவது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

அதே 40 டன் ஆலைக்குள் போனதும் என்ன ஆகிறது?

சர்க்கரை சுமார் மூன்றரை டன்னுக்கு மேல். இது எல்லோரும் அறிந்த கணக்கு. இதோடு முடியவில்லை.

சக்கை, டன்னுக்கு 280 முதல் 300 கிலோ வீதம், சுமார் 12 டன். உயர் அழுத்தக் கொதிகலன் வைத்திருக்கும் ஆலையில் இந்தச் சக்கையை எரித்துத் தன் தேவையையும் பார்த்துக்கொண்டு, மிச்ச மின்சாரத்தை வெளியே விற்கலாம். ஆலைக்கு ஆலை மாறும். டன் கரும்புக்கு 80 யூனிட் என்று போட்டாலும் ஒரு ஏக்கருக்கு 3,200 யூனிட்.

கழிவுப்பாகு, நாம் மொலாசஸ் என்கிறோமே அது, டன்னுக்கு 45 கிலோ வீதம் 1.8 டன். இதில் சுமார் 400 லிட்டர் எத்தனால் இறங்கும். இந்தக் கழிவுப்பாகு எத்தனாலுக்கு 2024-25-ல் மத்திய அரசு வைத்த விலை லிட்டருக்கு 57 ரூபாய் 97 காசு. கூட்டிப் பாருங்கள், 23,000 ரூபாய்க்கு மேல்.

பிரஸ்மட் ஒன்றரை டன் வரை. சுமார் 25 டன் பிரஸ்மட்டில் ஒரு டன் அழுத்தப்பட்ட எரிவாயு எடுக்கிறார்கள். 2018 அக்டோபரில் மத்திய அரசு 'சதத்' திட்டம் தொடங்கியபோது இந்த எரிவாயுவுக்கு எண்ணெய் நிறுவனங்கள் தருவதாகச் சொன்ன விலை கிலோ 46 ரூபாய். நாற்றம் பிடித்த அந்த மண்ணுக்கு வந்த மவுசு இதுதான்!

ஆலைக்கும் செலவு உண்டு என்பார்கள். உண்டுதான். கொதிகலன், டர்பைன், ஆள் சம்பளம், கடன் வட்டி எல்லாம் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. செலவைக் கழித்துக்கொள், மிச்சத்தில் பங்கு கொடு என்றுதான் கேட்கிறோம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லட்டும். எத்தனால் ஆலை கட்டுவதற்கு 2018 முதல் மத்திய அரசு வட்டி மானியம் கொடுத்தது. நகையை அடமானம் வைத்துக் கரும்பு போட்டவனுக்கு யார் கொடுத்தார்கள் வட்டி மானியம்?

மண்ணில் இருந்து போனது மூட்டையில் வருகிறது

இதுதான் இந்த வட்டத்தின் பெரிய வேடிக்கை. கவனமாகப் படியுங்கள்.

100 டன் கரும்பு விளைந்தால் மண்ணில் இருந்து சுமார் 200 கிலோ தழைச்சத்தும், 50 கிலோ மணிச்சத்தும், 275 கிலோ சாம்பல்சத்தும் உறிஞ்சுகிறது என்பது வேளாண் விஞ்ஞானிகள் கணக்கு. நம் 40 டன் ஏக்கருக்கு 110 கிலோ சாம்பல்சத்து. பொட்டாஷ் மூட்டையாகச் சொன்னால் கிட்டத்தட்ட நாலு மூட்டை. தோகையிலும் சோகையிலும் கொஞ்சம் வயலிலேயே தங்கும். மற்றது சாற்றோடு ஆலைக்குப் போகிறது. சர்க்கரையில் அது தங்குவதில்லை. கழிவுப்பாகிலும், எத்தனால் எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுநீரிலும் போய்ச் சேர்கிறது. அந்தக் கழிவுநீரைச் சுண்டவைத்துக் கொதிகலனில் எரித்தால் சாம்பல். அந்தச் சாம்பலில் பொட்டாஷ்!

அதை மூட்டை கட்டினார்கள். "மொலாசஸ் பொட்டாஷ்" என்று பேர் வைத்தார்கள். 2021-ல் அதை உர மானியப் பட்டியலில் சேர்த்தார்கள். 2024 பிப்ரவரியில் உரக் கம்பெனிக்கு விற்க டன்னுக்கு 4,263 ரூபாய் விலை வைத்தார்கள். ஆலைக்கு டன்னுக்கு 345 ரூபாய் மானியமும் உண்டு என்றார்கள். நம் மண்ணின் சாம்பல்சத்து இப்படிச் சுற்றி வந்து நமக்கே விலைக்கு நிற்கிறது. நம் நாடு பொட்டாஷுக்கு முழுக்க முழுக்க வெளிநாட்டையே நம்பிக் கிடந்தது. 2022-ல் ஒரு மூட்டை 1,700 ரூபாய் வரை ஏறியதை மறந்துவிட்டீர்களா?

பிரஸ்மட் கதையும் இதேதான். எரிவாயு எடுத்த பிறகு மிஞ்சும் கசடு நல்ல உரம். அதை விவசாயிக்கு விற்பதற்கு 2023-ல் மத்திய அரசு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி அறிவித்தது. யாருக்கு உதவி? விற்பவனுக்கு! கரும்பைக் கொடுத்தவன் கடைசியில் காசு கொடுத்து வாங்குகிற வாடிக்கையாளன்.

பொட்டாஷ் மீட்பதும், கசடை உரமாக்குவதும் நல்ல காரியம்தான். ஆற்றிலும் ஏரியிலும் கழிவுநீர் விட்டு நாறடித்த காலத்துக்கு இது எவ்வளவோ மேல். நாம் எதிர்ப்பது விஞ்ஞானத்தை அல்ல. நம்மிடம் இனாமாக எடுத்ததை நமக்கே விலைக்கு விற்கும் கணக்கை எதிர்க்கிறோம்.

சட்டம் என்ன சொன்னது? என்ன செய்தார்கள்?

உபபொருளில் பங்கு கேட்பது புதுக் கோரிக்கை என்று சிலர் பேசுகிறார்கள். பழைய கணக்கைப் புரட்டுவோம்.

1966-ல் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 1974-ல் அதில் 5ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆலைக்குக் கிடைக்கும் கூடுதல் வருமானத்தில் விவசாயிக்குப் பாதி என்பது அதன் சாரம். பார்கவா கமிஷன் சூத்திரம் என்று நம் மூத்த தோழர்கள் மேடைக்கு மேடை பேசுவார்களே, அதுதான். 2009-ல் எஃப்.ஆர்.பி. என்ற புது விலையைக் கொண்டுவந்தபோது 5ஏ பிரிவை எடுத்தே விட்டார்கள். ஒரு வரி அழித்தார்கள். பாதிப் பங்கு போனது.

அதற்குக் கொஞ்சம் முன்னால், 2008 டிசம்பரில், விலை நிர்ணயிக்கும்போது மொலாசஸ், சக்கை, பிரஸ்மட் இவற்றின் வருமானத்தை அல்லது உத்தேச மதிப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார்கள். நல்லதுதானே என்று தோன்றும். சூட்சுமம் எங்கே என்று பாருங்கள். சக்கைக்கு சக்கை விலை, மொலாசஸுக்கு மொலாசஸ் விலை. அது மின்சாரமாகவும் எத்தனாலாகவும் மாறிய பிறகு வரும் காசு அந்த வரியில் இல்லை!

2012-ல் ரங்கராஜன் குழு அறிக்கை கொடுத்தது. சர்க்கரை, உபபொருள் இரண்டின் மதிப்பிலும் 70 சதவீதம் விவசாயிக்கு, சர்க்கரையை மட்டும் கணக்கிட்டால் 75 சதவீதம் என்றது. 2018-ல் தமிழ்நாட்டில் வருவாய்ப் பங்கீட்டுச் சட்டம் வந்தது. அதோடு மாநில அரசு அறிவித்து வந்த பரிந்துரை விலைக்கு மூடுவிழா நடந்தது. பங்கீட்டுக் கணக்கு எஃப்.ஆர்.பி.யைத் தாண்டவில்லை என்று ஆலைகள் சொல்கின்றன. கணக்குப் புத்தகம் யார் கையில்? ஆலை கையில். அதைத் தணிக்கை செய்யும் இடத்தில் விவசாயிக்கு ஒரு நாற்காலி உண்டா? கிடையாது.

மாநில அரசு விலை வைக்கவே கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. மத்திய அரசு விலைக்கு மேல் மாநிலம் பரிந்துரை விலை வைக்கலாம் என்று 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. 2021-ல் தி.மு.க. தேர்தல் அறிக்கையில் டன்னுக்கு 4,000 ரூபாய் என்று எழுதினார்கள். 2025 மார்ச்சில் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 349 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்து 3,500 ஆக்கினார்கள். அந்த 349 மக்கள் வரிப்பணம். எத்தனால் விற்ற ஆலையின் கல்லாவில் இருந்து ஒரு பைசா வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2013-14 முதல் 2016-17 வரை மாநில அரசு அறிவித்த பரிந்துரை விலைக்கும் எஃப்.ஆர்.பி.க்கும் உள்ள வித்தியாசத்தைப் பல தனியார் ஆலைகள் கொடுக்கவே இல்லை. கரும்பு கொடுத்து 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி என்கிறது கட்டுப்பாட்டு ஆணை. அந்த வட்டியைக் கண்ணால் கண்ட விவசாயி எழுந்து நின்று கை தூக்கட்டும்!

பிழிதிறனில் ஒரு கை வைத்தார்கள்

விலைக்கு அடிப்படையான பிழிதிறன் ஒரு காலத்தில் 8.5 சதவீதம். 2005-06-ல் 9 ஆக்கினார்கள். 2009-10-ல் 9.5. 2018-19-ல் 10. 2022-23-ல் 10.25. ரூபாயில் விலை ஏறியது மாதிரி தெரியும். அளவுகோலையும் கூடவே ஏற்றிவிட்டதால் நம் கைக்கு வந்தது குறைவு. 2025-26-க்கு 3,550 ரூபாய் என்று விளம்பரம் செய்தார்கள். 9.5-ம் அதற்குக் கீழும் உள்ள நம்மைப் போன்றவர்களுக்கு அது 3,290 ரூபாய் 50 காசு.

இப்போது எத்தனால் வேறு. சர்க்கரையை முழுசாகப் பிரிக்காமல் பாகிலேயே விட்டு எத்தனாலுக்கு அனுப்பினால், மூட்டையில் விழும் சர்க்கரை குறையும். அப்படிப் போன சர்க்கரையையும் சேர்த்துத்தான் பிழிதிறன் கணக்கிட வேண்டும். சரியாகச் சேர்த்தார்களா என்று நமக்கு யார் காட்டினார்கள்?

மற்ற நாடுகளில் முடிகிறதே!

"வளரும் நாட்டில் இதெல்லாம் நடக்காது" என்று அந்தக் கூட்டத்தில் பதில் சொன்னார்கள். பிரேசில் எந்த நாடு? 1975-லேயே கரும்பில் இருந்து எரிபொருள் எடுக்கத் திட்டம் போட்ட நாடு அது. அங்கே சாவோ பாலோ மாநிலத்தில் விவசாயிகளும் ஆலைகளும் சேர்ந்து 1999-ல் ஒரு குழு அமைத்தார்கள். கரும்பில் உள்ள மொத்தச் சர்க்கரைச் சத்தை அளந்து, சர்க்கரை விலை, எத்தனால் விலை இரண்டையும் சேர்த்துக் கரும்பு விலை போடுகிறார்கள். சாராய ஆலைக் கழிவுநீரைக் கரும்பு வயலுக்கே பாய்ச்சுகிறார்கள். சத்து பிறந்த இடத்துக்குப் போகிறது.

மொரீஷியஸை எடுத்துக்கொள்ளுங்கள். நம் முன்னோர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போய்க் கரும்பு வெட்டிய தீவு அது. அங்கே சக்கையில் எடுக்கும் மின்சாரத்துக்காகச் சிறு விவசாயிக்கும் பணம் கொடுக்கிறார்கள். கூலிகளாகப் போனவர்களின் பேரன் சக்கைக்குப் பணம் வாங்குகிறான். ஊரோடு இருந்த நாம் சக்கைக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்கவில்லை.

நம் பக்கக் குறையும் சொல்ல வேண்டும்

ஆலையை மட்டும் குறை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது யோக்கியம் ஆகாது. சோகைக்குத் தீ வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை, வெட்டு உத்தரவு தாமதம், கட்டைக்கு மருந்தடிக்க இடைஞ்சல் என்று காரணம் உண்டு. இருந்தாலும் அந்தத் தீயில் வேகுவது நம் மண்தான். சோகையைப் பொடியாக்கி வரிசை நடுவில் போட்டால் ஈரம் காக்கும், களை அடங்கும், மட்கி உரமாகும். இதற்கு வேண்டிய சோகை பொடிக்கும் இயந்திரத்தை ஒவ்வொரு கோட்டத்துக்கும் ஆலை வாடகைக்கு வைக்க வேண்டும் என்று கேட்போம். அது வரும்வரைக்கும் நம்மால் முடிந்த மட்டும் தீ வைப்பதை விடுவோம். வட்டத்தில் நம் பக்கத்து வளைவை நாம் உடைத்துவிட்டு, அவன் பக்கத்து வளைவைக் கேட்க முடியாது.

நம் கோரிக்கைகள்

1. சக்கை மின்சாரம், எத்தனால், எரிவாயு, மொலாசஸ் பொட்டாஷ் அனைத்தின் நிகர வருமானத்திலும் கரும்பு விவசாயிக்குச் சட்டப்படி பங்கு வேண்டும். நீக்கிய 5ஏ பிரிவுக்கு ஈடான ஒரு பிரிவு மறுபடி வர வேண்டும்.

2. ஆலையின் உபபொருள் கணக்கையும் பிழிதிறன் கணக்கையும் தணிக்கை செய்யும் குழுவில் விவசாயிகள் சங்கப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். கணக்கு ஆலை வாசல் பலகையில் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

3. கொடுத்த கரும்பின் அளவுக்கு ஏற்ப பிரஸ்மட்டோ, எரிவாயு எடுத்த கசடு உரமோ இலவசமாக வயலுக்குத் திரும்ப வேண்டும். வண்டி வாடகை ஆலையுடையது.

4. மொலாசஸ் பொட்டாஷ், கரும்பு பதிவு செய்த விவசாயிக்கு முதலில், அடக்க விலையில் கிடைக்க வேண்டும்.

5. 14 நாள் தாண்டிய பாக்கிக்கு 15 சதவீத வட்டி. பழைய பரிந்துரை விலைப் பாக்கி முழுவதும் உடனே தர வேண்டும்.

6. மாநில அரசு மீண்டும் பரிந்துரை விலை அறிவிக்க வேண்டும்.

தோழர்களே! எடைமேடையில் நிற்கும்போது நாம் தனி ஆள். பில் தொகையைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வருகிறோம். ஆலை வாசலில் ஆயிரம் பேராக நின்றால் அதே நிர்வாகம் நாற்காலி போட்டுப் பேசும். இது பழைய போராட்டங்களில் நாம் கண்ணால் பார்த்தது. கட்சி எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், சாதி எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், எடைச் சீட்டில் எல்லோருக்கும் ஒரே விலைதான்.

கிளைச் செயலாளர்கள் வீடு வீடாக வந்து தேதி சொல்வார்கள். வரும்போது ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடிச் சக்கையும் கடைசியாக வந்த கரும்பு பில்லும் எடுத்து வாருங்கள். சக்கையை ஆலை வாசலில் குவிப்போம். பில்லைக் கலெக்டர் கையில் கொடுப்போம். இதன் விலை எங்கே என்று இரண்டு இடத்திலும் கேட்போம்.

பேச்சளவில் சுழற்சி வேண்டாம்! பங்கைச் சுழல விடு!
மண்ணில் எடுத்ததை மண்ணுக்கே கொடு!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இப்படிக்கு,
செயலாளர்,
கரும்பு விவசாயிகள் சங்கம்